சொந்த பேட்ச்சை ஃப்ரீரேடியஸுக்கே அனுப்பலாமா? முதல் முறை, வழி சொல்லுங்க

#1 பவானிக்கரை – சனி இரவு 11:40

எல்லாருக்கும் வணக்கம். ஈரோடு பக்கம் ஒரு சின்ன பிராட்பேண்ட் கம்பெனியில நெட்வொர்க் பார்க்கிறேன். கிட்டத்தட்ட 9,000 இணைப்பு. வாடிக்கையாளர் வீட்டு ரவுட்டர் உள்ளே வர்றப்ப யூசர்நேம், பாஸ்வேர்ட் சரியான்னு பார்த்து, இந்த ஆளுக்கு இந்த வேகம், இந்த ஐபின்னு சொல்லி அனுப்புறது எங்க ஃப்ரீரேடியஸ் சர்வர்தான். அது நின்னா அடுத்த அஞ்சு நிமிஷத்துல கஸ்டமர் கேர் ஃபோன் எல்லாம் அடிக்க ஆரம்பிச்சிடும்.

எனக்கு முன்னாடி இருந்தவர் சோர்ஸ்ல இருந்து கம்பைல் பண்ணி ஓட்டிட்டு இருந்தார். நானும் அதே வழியில போய் நாலு வருஷத்துல மூணு இடத்துல கை வெச்சிருக்கேன். எங்க கேட்வே (வாடிக்கையாளர் ரவுட்டருக்கும் சர்வருக்கும் நடுவுல இருக்கிற பெட்டி) அனுப்புற ரெண்டு ஆட்ரிபியூட் (பாக்கெட்ல வர்ற ஒரு தகவல்), எண்ணுக்குப் பேர் சொல்ற டிக்‌ஷனரியில இல்லை. ஒண்ணை மட்டும் டிக்‌ஷனரி ஃபைல்ல நானே சேர்த்தேன். இன்னொண்ணுல போர்ட் பேர் வரும். அதை எடுத்து பில்லிங்குக்கு ஒரு லாக் ஃபைல்ல எழுத சி-யில ஒரு சின்ன மாட்யூல் (சர்வரோட சேர்ந்து ஓடுற துண்டு நிரல்) எழுதினேன். மூணாவது, தப்பான பாஸ்வேர்ட் போட்டா ரிஜெக்ட் போக ஒரு செகண்ட் தாமதமாச்சு. அது எங்கிருந்து வருதுன்னு தேடி கோடுலயே அடைச்சிட்டேன்.

2024 ஜூலையில பிளாஸ்ட்ரேடியஸ்ங்கிற பாதுகாப்பு ஓட்டை வெளியானப்ப ஃப்ரீரேடியஸ் 3.2.5 வெர்ஷனுக்கு உடனே போக வேண்டியதாச்சு. என் மாத்தம் எதுவும் புது சோர்ஸ்ல ஒழுங்கா உட்காரலை. ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சு. அப்பவே முடிவு பண்ணேன், இந்த மாத்தங்களை (பேட்ச்) ஃப்ரீரேடியஸ் எழுதறவங்க கிட்டயே அனுப்பிட்டா அடுத்த வெர்ஷன்ல தானா வந்துடுமே.

ஆனா எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை. என் இங்கிலீஷ் சுமார்தான். கோடைப் பார்த்துட்டு என்ன சொல்வாங்களோன்னு பயமாவும் இருக்கு. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.

#2 நூல்கண்டு – ஞாயிறு காலை 7:15

பவானிக்கரை, மூன்றையும் ஒரே பொட்டலமாகக் கட்டாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் விடை வேறு.

மூன்றாவதை முதலில் தூக்கிப் போடுங்கள். அந்த ஒரு செகண்ட் பிழையே இல்லை. ரேடியஸ்டி கான்ஃப் ஃபைலில் செக்யூரிட்டி பகுதிக்குள் ரிஜெக்ட் டிலே என்று ஒரு வரி இருக்கும், அதன் இயல்பு மதிப்பு 1. யாராவது பாஸ்வேர்டை வரிசையாகப் போட்டு ஊகித்துப் பார்த்தால் ஒவ்வொரு முயற்சிக்கும் அவர்களைக் காக்க வைப்பதற்காக வைத்தது. ரிஜெக்ட் வாங்கிய ரவுட்டர் அதே நொடியில் மறுபடி மோதாமல் தடுக்கவும் அது உதவும். வேண்டாமென்றால் 0 போடலாம், கோடைத் தொட வேண்டியதே இல்லை. ஆனால் 9,000 ரவுட்டர் இருக்கிற இடத்தில் நான் 0 போட மாட்டேன். டேட்டாபேஸ் ஒரு நிமிடம் தடுமாறி எல்லாருக்கும் ரிஜெக்ட் போனால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் மாற்றம், அந்த டிக்‌ஷனரி வரி, அதுதான் உங்கள் முதல் பங்களிப்பு. இதைச் சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். பாக்கெட்டில் வருவது எண்கள்தான். ஆட்ரிபியூட் எண் 26 என்றால் கம்பெனிகளின் சொந்த ஆட்ரிபியூட். அதற்குள் நாலு பைட்டில் கம்பெனியின் எண், பிறகு அவர்கள் வைத்த எண், நீளம், மதிப்பு. சிஸ்கோ 9, மைக்ரோசாஃப்ட் 311, மைக்ரோடிக் 14988. டிக்‌ஷனரியில் பெயர் இல்லாவிட்டால் சர்வர் அதைப் புரியாத பைட்டாகத்தான் காட்டும். அந்த கேட்வே வாங்கிய ஒவ்வொரு கம்பெனியிலும் உங்களைப் போல ஒருவர் அதே வரியைத் தனியாக எழுதிக்கொண்டு இருப்பார்.

ஒரு கேள்வி. அந்த வரியை எந்த ஃபைலில் சேர்த்தீர்கள்?

#3 பவானிக்கரை – ஞாயிறு காலை 9:02

நன்றி அக்கா. ரிஜெக்ட் டிலே பார்த்தேன், நீங்க சொன்ன இடத்துலயே இருக்கு. என் கோடை எடுத்துட்டேன்.

டிக்‌ஷனரி, யூஎஸ்ஆர் ஷேர் ஃப்ரீரேடியஸ் உள்ள அந்த வெண்டர் ஃபைல்லயே சேர்த்தேன். டீபக்ல (சர்வர் தான் செய்றதை வரி வரியா காட்டுற வெளியீடு) முன்னாடி ஆட்ர்-26, கம்பெனி எண், 41, அதுக்கு அப்புறம் 0எக்ஸ்00000834-ன்னு வந்துட்டு இருந்துச்சு. சேர்த்த பிறகு பேரோட 2100-ன்னு வருது. அது விலேன் (நெட்வொர்க்குக்குள்ள பிரிச்ச தனி வலை) நம்பர்.

#4 நூல்கண்டு – ஞாயிறு காலை 9:20

அந்த ஃபைல் சர்வரோடு வருவது, ஒவ்வொரு அப்கிரேடிலும் புதிதாக எழுதப்படும். நம் சொந்த வரிகளுக்கென்றே ராட்டிபி டைரக்டரிக்குள் டிக்‌ஷனரி என்ற பெயரில் ஒரு ஃபைல் இருக்கிறது. திட்டத்தில் சேரும்வரை அங்கே வையுங்கள். இரண்டு ராத்திரியில் ஒரு பகுதி இதனால்தான் போயிருக்கும்.

#5 மூன்றாம்சாமம் – ஞாயிறு பகல் 12:48

தம்பி, எதிர்க் கருத்துன்னு எடுத்துக்காதீங்க, அக்கறையோட சொல்றேன். இருபது வருஷமா ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிறவன் நான். இது எதுக்கு உங்களுக்கு? கம்பெனி சம்பளம் கொடுக்கிறது லைன் ஓடுறதுக்கு. பேட்ச் ஒரு ஃபைல்ல இருக்கட்டும், அப்கிரேட் வர்றப்ப போட்டுக்கலாம். நான் முன்னாடி வேற ஒரு திறமூலத் திட்டத்துக்கு (பேர் வேண்டாம்) ஒரு திருத்தம் அனுப்பினேன். நாலு வரி திருத்தத்துக்கு நாப்பது கேள்வி. வரிக்கு வரி தப்பு சொன்னாங்க. கடைசியில சேர்க்கவும் இல்லை, ஏன்னு சொல்லவும் இல்லை. ஆறு மாசம் மனசு விட்டுப்போச்சு.

இன்னொண்ணு, நீங்க ஆபீஸ்ல எழுதின கோடு உங்களோடது இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டம் 17-ஆம் பிரிவு: வேலையின் பகுதியா எழுதினா, வேற ஒப்பந்தம் இல்லாதவரை முதல் உரிமை முதலாளிக்கு. கேட்காம வெளியே அனுப்பி வம்புல மாட்டாதீங்க.

#6 யாழ்வலை – ஞாயிறு மாலை 4:30

மூன்றாம்சாமம் அண்ணை சொல்லுற சட்ட விசயம் சரி. இலங்கையிலயும் வேலையிடத்தில எழுதினதுக்கு முதலாளியிட்ட கேட்கிறதுதான் முறை. ஒரு மின்னஞ்சல் போட்டு “இந்த வரிகளை ஜிபிஎல் 2 எண்ட திறமூல உரிமத்தில வெளியில குடுக்கப் போறன், சம்மதமோ” எண்டு கேட்டு, பதிலை எடுத்து வையுங்கோ. எங்கட பல்கலைக்கழகத்தில நான் அப்பிடித்தான் செய்தனான். இயக்குநர் ஒரு வரியில சரி எண்டு போட்டார்.

மற்றது எனக்கு ஒத்துவரேல்லை. நாங்கள் எடுரோம் (பல்கலைக்கழகங்கள் பகிர்ந்து பாவிக்கிற வைஃபை வசதி) ஓட்டுறம். அதை இங்க நடத்துறது லேர்ன், உங்கட பக்கம் எர்நெட். எங்கட மாணவி ஜெர்மனியில ஒரு வளாகத்துக்குப் போய் மடிக்கணினியைத் திறந்தா, அங்கத்தைய சர்வர் அவளின்ர யூசர்நேமில அட் குறிக்குப் பிறகு இருக்கிறதைப் பார்த்து, சர்வர் சர்வராக் கைமாத்தி, கடைசியா எங்கட அறைக்குள்ள இருக்கிற சர்வரிட்ட கேட்கும். இடையில இருக்கிறதில கனக்க ஃப்ரீரேடியஸ்தான். அதில ஒரு இடத்தில திருத்தம் வந்தா எல்லாருக்கும் வரும். 1999-இல ஆலன் டிகாக், மிகேல் வான் ஸ்மோரன்பர்க் எண்ட ரெண்டு பேர் தொடங்கின வேலை. நாங்கள் ஒரு சதம் குடுக்காமல் பாவிக்கிறம். எழுதத் தெரிஞ்சவர் எழுதிக் குடுக்கிறதில என்ன குறை?

இங்கிலீசு பற்றி: பயப்பிடாதேங்கோ. எனக்கும் எழுதேக்க கை நடுங்கினது. மூண்டு வசனம் காணும். என்ன வந்தது, என்ன வரவேணும், என்ன மாத்தினன். ஆனா ஒண்டு, டீபக் வெளியீடு இல்லாமல் மெயிலிங் லிஸ்டில ஒண்டும் கேட்கக் கூடாது. சர்வரை ரேடியஸ்டி மைனஸ் எக்ஸ் (டீபக் நிலை) எண்டு போட்டு ஓட்டி, வாறதை முழுசாப் போடவேணும். முக்கியமில்லை எண்டு நாங்கள் வெட்டுற வரியிலதான் கனதரம் விடை இருக்கும். அதில பாஸ்வேர்ட் வெளிச்சமாத் தெரியும், அதால வாடிக்கையாளரின்ர கணக்கில செய்யாமல் ஒரு சோதனைக் கணக்கு உருவாக்கிச் செய்யுங்கோ. கிட்ஹப் இஷ்யூ பக்கம் பிழைக்கும் புது வசதிக்கும் மட்டும். “எனக்கு ஓடேல்லை” எண்டதை அங்க போட்டா மூடிப்போடுவினம், அது கோவத்தில செய்யுறதில்லை.

#7 பவானிக்கரை – ஞாயிறு இரவு 10:05

ரொம்ப நன்றி அண்ணா. எம்.டி. கிட்ட நாளைக்குக் கேட்கிறேன்.

இப்ப அந்த மாட்யூல். முழுசா போட முடியலை, செய்றது இதுதான். மேலே ஸ்டேட்டிக் கேரக்டர் பஃபர் (எழுத்துகளைத் தற்காலிகமா வைக்கிற நிலையான இடம்), 64 பைட். அக்கவுன்டிங் (பயன்பாட்டுக் கணக்கு) பாக்கெட் வந்தா போர்ட் பேர் வர்ற 42-ஆம் ஆட்ரிபியூட்டோட மதிப்பை மெம்காப்பி (பைட்டை நகலெடுக்கிறது) பண்ணி அதுல போடுறேன். யூசர்நேமை எஸ்டிஆர்டூப் (புது நினைவகத்துல நகல்) பண்ணி எடுத்துக்கிறேன். ரெண்டையும் சேர்த்து ஒரு வரியா ஃபைல்ல எழுதுறேன். இதுவும் அனுப்பலாமா? நாலு வருஷமா ஓடுது. மைனஸ் எக்ஸ்ல எவ்வளவு தடவை ஓட்டினாலும் ஒரு தப்பும் வரலை.

ஒரே ஒரு விஷயம் மட்டும் உறுத்திட்டே இருக்கு. மாசத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை லாக்ல ஒருத்தர் பேருக்கு நேரா இன்னொருத்தர் போர்ட் விழுது. பில்லிங்ல இருந்து கேட்பாங்க. கேட்வே தப்பா அனுப்புதுன்னு இவ்வளவு நாள் நினைச்சுட்டு இருந்தேன்.

#8 நூல்கண்டு – திங்கள் காலை 6:50

கேட்வே தப்பாக அனுப்பவில்லை. அந்த ஸ்டேட்டிக் பஃபர்தான். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இது உங்களுக்கு மட்டும் வருகிற விஷயமில்லை.

மைனஸ் எக்ஸ் என்பது நாலைந்து ஆப்ஷன்களின் சுருக்கம். அதில் ஒன்று மைனஸ் எஸ், அதாவது ஒரே த்ரெட் (ஒரு நேரத்தில் ஒரு வேலையைச் செய்யும் கை மாதிரி). டீபக் படிக்க வசதியாக, ஒரு பாக்கெட் முழுதும் முடிந்த பிறகே அடுத்ததை எடுக்கும். தினசரி ஓட்டத்தில் அப்படி இல்லை. த்ரெட் பூல் இருக்கிறது, இயல்பாக 5 த்ரெட்டில் தொடங்கி 32 வரை போகும். ஸ்டேட்டிக் பஃபர் எல்லா த்ரெட்டுக்கும் ஒன்றே ஒன்று. முதல் த்ரெட் ஒருவரின் போர்ட்டை அதில் வைக்கிறது. வரியை எழுதுமுன் இரண்டாவது த்ரெட் வந்து இன்னொருவரின் போர்ட்டை அதே இடத்தில் வைக்கிறது. முதல் த்ரெட் திரும்பி வந்து தன் யூசர்நேமோடு அதைச் சேர்த்து எழுதிவிடுகிறது. மாதத்துக்கு ஒருமுறை விழுவதும் அதனால்தான், மைனஸ் எக்ஸில் நாலு வருடமாக அகப்படாததும் அதனால்தான்.

சோதித்துப் பார்க்க வழி: சர்வரை மைனஸ் எஃப்எக்ஸ்எக்ஸ், மைனஸ் எல் எஸ்டிடிஅவுட் என்று ஓட்டுங்கள். டீபக் வரும், த்ரெட் பூலும் இருக்கும். வெளியீடு பின்னிப்பின்னி வரும், பரவாயில்லை. ரேடிகிளையன்ட் என்கிற சோதனைக் கருவியில் மைனஸ் பி 20 போட்டால் ஃபைலில் இருக்கிற பாக்கெட்டுகளை இருபது இருபதாக ஒரே நேரத்தில் அனுப்பும். இதை நேரலை சர்வரில் செய்ய வேண்டாம்.

அடுத்தது நினைவகம். எஸ்டிஆர்டூப் பண்ணிய யூசர்நேமை எங்கே விடுவிக்கிறீர்கள்? நீங்கள் சொன்னதில் காணோம். 9,000 இணைப்பு, அஞ்சு நிமிடத்துக்கு ஒரு இடைக்கால அக்கவுன்டிங் என்று வைத்தால் நாளைக்கு 25,92,000 பாக்கெட். பாக்கெட்டுக்கு 40 பைட் என்றாலும் ஒரு நாளில் 100 எம்பி தாண்டும். வாராவாரம் சர்வரை ரீஸ்டார்ட் பண்ணுகிறீர்களா?

ஃப்ரீரேடியஸில் இதற்கென்றே டாலாக் என்கிற நினைவக மேலாண்மைக் கருவி இருக்கிறது, சாம்பா திட்டத்திலிருந்து வந்தது. வீட்டில் அப்பா பெயரில் ரேஷன் கார்டு இருப்பது மாதிரி, ஒவ்வொரு நினைவகத் துண்டுக்கும் ஒரு தாய் இருக்கும். தாயை விடுவித்தால் பிள்ளைகளும் சேர்ந்து போய்விடும். ரிக்வெஸ்ட்டைத் தாயாக வைத்து டாலாக் எஸ்டிஆர்டூப் என்று எழுதினால், அந்தப் பாக்கெட்டின் வேலை முடிந்து ரிக்வெஸ்ட் போகும்போது உங்கள் துண்டும் போய்விடும். பாதியில் எரர் வந்து வெளியேறினாலும் சிந்தாது. சி எழுதுகிறவர்கள் அதிகம் தவறுவது அந்த எரர் வழியில்தான்.

மூன்றாவது, 64 பைட். ஆட்ரிபியூட்டின் நீளத்துக்கு ஒரே பைட், அதனால் மொத்தம் 255-க்கு மேல் போகாது. அதில் வகைக்கும் நீளத்துக்கும் 2, கம்பெனி எண்ணுக்கு 4, உள்வகைக்கும் உள்நீளத்துக்கும் 2 கழித்தால் மதிப்புக்கு 247 வரை இடம். உங்கள் கேட்வே 20 பைட்தான் அனுப்புகிறது என்பது இன்றைய நிலவரம். 200 பைட் வந்தால் பஃபருக்கு அடுத்து இருப்பதன் மேல் எழுதும்.

ரிவ்யூவில் கடுமையாக இருக்கிறார்கள் என்று எல்லாரும் சொல்வது இந்த மாதிரி இடங்களில்தான். உள்ளே விடலாமா என்று முடிவு செய்கிற சர்வர் இது. முன்பின் தெரியாதவர் அனுப்புகிற பைட்டைத்தான் முதலில் பிரிக்கிறது. 2017-இல் வெளியார் ஒருவர் இந்தப் பாக்கெட் பிரிக்கும் கோடைத் தாறுமாறான பைட்டுகளால் அடித்துச் சோதித்து, வரிசையாகப் பிழைகள் கிடைத்து, அவற்றுக்காகவே வெளியீடுகள் வந்தன. அந்த அனுபவம் உள்ளவர்கள் ஒவ்வொரு மெம்காப்பியையும் உற்றுப் பார்க்கத்தான் செய்வார்கள். பார்க்காமல் சேர்த்தால்தான் நான் கவலைப்படுவேன்.

#9 முதல்கமிட் – திங்கள் காலை 11:30

நூல்கண்டு அக்கா, நான் திருநெல்வேலியில் மூன்றாம் வருடம் கணினி அறிவியல் படிக்கிறேன். இந்த இழையை இரண்டு முறை படித்துவிட்டேன். எங்களிடம் கேட்வேயும் இல்லை, ஸ்விட்சும் இல்லை, ஒரு லேப்டாப்தான். அதை வைத்து இதில் ஏதாவது செய்ய முடியுமா?

#10 நூல்கண்டு – திங்கள் இரவு 9:40

முடியும்மா. ரேடியஸ் என்பது யூடிபி பாக்கெட். 1812-இல் அடையாளம், 1813-இல் அக்கவுன்டிங். அனுப்புகிறது கேட்வேயா லேப்டாப்பா என்று சர்வருக்குத் தெரியாது.

சோர்ஸை கிட் குளோன் பண்ணு. கான்ஃபிகரில் எனேபிள் டெவலப்பர் என்ற ஆப்ஷன் போட்டு மேக் பண்ணு. கம்பைலர் எச்சரிக்கைகளும் உள்ளே இருக்கிற சோதனைகளும் கூடுதலாக வரும். யூசர்ஸ் ஃபைலின் உச்சியில் ஒரு சோதனைப் பெயர், ஒரு பாஸ்வேர்ட். இன்னொரு டெர்மினலில் ரேட்டெஸ்ட்: பெயர், பாஸ்வேர்ட், லோக்கல்ஹோஸ்ட், 0, கடைசியில் டெஸ்டிங்123. அந்தக் கடைசிச் சொல் லோக்கல்ஹோஸ்டுக்கென்று கான்ஃபிகில் ஏற்கனவே இருக்கிற ரகசியச் சொல். ஆக்செஸ் அக்செப்ட் என்று வரும்வரை வேறு எதையும் தொடாதே. வைஃபை பக்கம் போக ஆசை இருந்தால் டபிள்யூபிஏ சப்ளிகன்ட் சோர்ஸில் ஈஏபிஓஎல் டெஸ்ட் என்று ஒரு கருவி இருக்கிறது. ஆக்செஸ் பாயின்ட் இல்லாமலே ஈஏபி (வைஃபையில் அடையாளம் சரிபார்க்கும் உரையாடல்) முழுதும் பேசிப் பார்க்கலாம்.

பிறகு சோர்ஸ், டெஸ்ட்ஸ், யூனிட் டைரக்டரியைத் திற. எனக்கு இந்தத் திட்டத்தில் மிகவும் பிடித்த இடம் அதுதான். சாதாரண டெக்ஸ்ட் ஃபைல்கள். ஒரு வரியில் என்கோட் என்று போட்டு ஆட்ரிபியூட்டும் மதிப்பும், அடுத்த வரியில் டேட்டா என்று போட்டு வரவேண்டிய பைட்டுகள். யூசர்நேம் ரவி என்று ஆங்கிலத்தில் நாலெழுத்து கொடுத்தால் பைட்டுகள் இப்படி வர வேண்டும்:

01 06 72 61 76 69

01 என்பது யூசர்நேமின் எண். 06 நீளம். பெயர் நாலு எழுத்துதானே என்று கேட்பாய். வகை பைட்டும் நீள பைட்டும் அந்தக் கணக்கில் சேரும், அதனால் ஆறு. 72 61 76 69 அந்த நாலு எழுத்து. இப்போது யோசித்துப் பார், யாராவது வேண்டுமென்றே 06 இருக்கிற இடத்தில் 01 அனுப்பினால்? மதிப்பின் நீளம் அறிய இரண்டைக் கழிப்பாய். குறியில்லாத எண்ணில் 1-இலிருந்து 2 போனால் மைனஸ் ஒன்று வராது, மிகப் பெரிய எண் வரும். அத்தனை பைட்டைப் படிக்கக் கோடு கிளம்பிவிடும். இரண்டுக்குக் குறைந்தால் அந்தப் பாக்கெட்டையே ஒதுக்கு என்கிற சோதனை ஏன் இருக்கிறது என்று இந்த ஆறு பைட்டிலேயே புரிந்துவிடும்.

ஒரு வாரம் இந்த டெஸ்ட்களைப் படி. பைட்டைப் பேனாவால் நோட்டில் பிரித்து எழுது. பிறகு எந்தப் பக்கம் ஆர்வம் வருகிறதோ அங்கே போ.

#11 யாழ்வலை – திங்கள் இரவு 10:15

பவானிக்கரை, உங்கட மாட்யூலைப் பற்றி இன்னொரு கேள்வி. அது தேவைதானோ?

மாட்ஸ் அவைலபிள் டைரக்டரிக்குள்ள லைன்லாக் எண்டு ஒண்டு இருக்கு. எந்த ஃபைல், என்ன வடிவத்தில வரி எண்டு நீங்கள் சொன்னாக் காணும், ஆட்ரிபியூட் பேரை வரிக்குள்ள வைச்சா மதிப்பை அதே போட்டுக்கொள்ளும். கன த்ரெட் ஒரே ஃபைலில எழுதேக்க பூட்டிக்கொள்ளவும் அதுக்குத் தெரியும். ஆனா ஆட்ரிபியூட்டுக்குப் பேர் வேணும். 42-ஐயும் ஸ்ட்ரிங் வகையெண்டு டிக்‌ஷனரியில சேர்த்தா மிச்சம் கான்ஃபிக்கில பத்து வரி.

#12 பவானிக்கரை – புதன் இரவு 1:20

இப்பதான் முடிச்சேன், தூங்கறதுக்கு முன்னாடி எழுதிடறேன்.

பழைய லேப்டாப் ஒண்ணுல அதே மாட்யூலைப் போட்டேன். இருநூறு பேரை ஒரு ஃபைல்ல எழுதி, ஒவ்வொருத்தருக்கும் அவங்க பேரே போர்ட் பேரா வெச்சேன், மாறினா கண்ணுல படட்டும்னு. முதல்ல மைனஸ் எக்ஸ்ல விட்டேன், எல்லாம் சரி. அப்புறம் நூல்கண்டு அக்கா சொன்ன மாதிரி த்ரெட்டோட, மைனஸ் பி 20. பத்து நிமிஷம் கூட ஆகலை. டெஸ்ட்117-க்கு நேரா டெஸ்ட்121. அந்த வரியையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தேன். எத்தனை தடவை கேட்வே கம்பெனி சப்போர்ட்டுக்கு மெயில் போட்டிருப்பேன்.

ஆமா அக்கா, ஞாயித்துக்கிழமை ராத்திரி மூணு மணிக்கு ரீஸ்டார்ட் பண்ண கிரான்ல (குறிச்ச நேரத்துல தானா ஓட்டுற வசதி) போட்டு வெச்சிருக்கோம். எனக்கு முன்னாடி இருந்தவர் வெச்ச பழக்கம்னு நினைச்சேன். தேதி பார்த்தா மாட்யூல் போட்ட பிறகு நான்தான் சேர்த்திருக்கேன்.

லைன்லாக் போட்டாச்சு, அதே சோதனை ஒரு மணி நேரம் ஓடுச்சு, ஒரு வரி மாறலை. மாட்யூல் இனிமே வேண்டாம். ஆக மிச்சம் இருக்கிறது டிக்‌ஷனரியில ரெண்டு வரி மட்டும்தான். இதுக்குப் போய் புல் ரிக்வெஸ்ட் (மாத்தத்தைச் சேர்க்கச் சொல்ற கோரிக்கை) போடலாமா?

#13 மூன்றாம்சாமம் – புதன் காலை 5:55

ஷிஃப்ட் முடியுற நேரத்துல படிச்சேன். தம்பி, அந்த ஸ்டேட்டிக் விஷயம் எனக்கும் தெரியாது. எங்க பக்கமும் ஒரு பழைய மாட்யூல் ஓடுது, இன்னைக்கே பிரிச்சுப் பார்க்கிறேன். நான் திருத்தம் அனுப்பினப்ப ஒருத்தராவது இப்படி உட்கார்ந்து எடுத்துச் சொல்லியிருந்தா நானும் விட்டிருக்க மாட்டேன்.

ரெண்டு வரின்னாலும் போடுங்க. எம்.டி. என்ன சொன்னார்?

#14 நூல்கண்டு – புதன் காலை 8:10

இரண்டு வரிக்குத்தான் போட வேண்டும். அனுப்பும் முன் சிலவற்றைக் கவனியுங்கள்.

பிராஞ்ச்: நீங்கள் ஓட்டுவது 3.2, அதனால் வி3.2.எக்ஸ் பிராஞ்சிலிருந்து கிளை எடுங்கள். மாஸ்டரில் உருவாவது 4. அங்கே டிக்‌ஷனரிகள் இருக்கும் இடமே வேறு, கான்ஃபிகும் வேறு. புது வசதி எழுதுகிறவர்கள் மாஸ்டருக்குப் போக வேண்டும். 3.2-இல் ஓடிய கோடை அப்படியே அங்கே தூக்கிப் போடக் கூடாது.

பெயர்: அந்த ஃபைலில் மற்ற ஆட்ரிபியூட் எப்படித் தொடங்குகிறதோ அதே முன்னொட்டு. கேட்வே கம்பெனியின் கையேட்டில் என்ன பெயரோ அதுவே. ஏற்கனவே இருக்கிற பெயரை அழகுபடுத்துகிறேன் என்று மாற்றிவிடாதீர்கள், உலகத்தில் எத்தனை பேர் கான்ஃபிகில் அது இருக்குமோ. இடைவெளி டேப்தான், ஸ்பேஸ் அல்ல. எடிட்டர் தானாக மற்ற வரிகளைச் சீர் செய்துவிடும், கிட் டிஃப் பார்த்து உங்கள் இரண்டு வரி மட்டும்தான் மாறியிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். இது பலருக்குத் தவறுகிறது.

மேக் டெஸ்ட் ஓட்டுங்கள். கமிட் செய்தியில் எந்தக் கையேடு, எந்தப் பதிப்பு என்று எழுதுங்கள். யாழ்வலை சொன்ன மூன்று வாக்கியம் போதும். ரிவ்யூவில் கேள்வி வந்தால் விளக்கம் எழுதிக்கொண்டிருக்காமல் முதலில் திருத்தி அனுப்பிவிடுங்கள். அவர்கள் கேட்டது தவறென்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் பைட்டோடு காட்டுங்கள்.

#15 முதல்கமிட் – சனி மாலை 6:20

அக்கா, நோட்டில் பதினாலு பக்கம் பைட் பிரித்து எழுதிவிட்டேன். யூசர்பாஸ்வேர்டில் மாட்டிக்கொண்டேன். அஞ்சு எழுத்து பாஸ்வேர்ட், பாக்கெட்டில் 16 பைட் வருகிறது. ஏன்?

#16 யாழ்வலை – சனி இரவு 7:45

தங்கச்சி, பாஸ்வேர்டை 16 பைட் துண்டாக்கி, குறைஞ்ச இடத்தில பூச்சியம் நிரப்பி, ரகசியச் சொல்லையும் பாக்கெட்டில இருக்கிற 16 பைட் ஆதென்டிகேட்டரையும் சேர்த்து எம்டி5 (ஒரு சுருக்கக் கணக்கு) எடுத்து, அதோட எக்ஸ்ஆர் (பிட்டுக்குப் பிட்டு கலக்கிறது) செய்யிறது. ரேடியஸின்ர விதிமுறை ஆவணம் ஆர்எஃப்சி 2865, 2000-ஆம் ஆண்டு. 5.2-ஆம் பகுதியைப் பாருங்கோ. எம்டி5 இண்டைக்குப் பலமில்லை, பிளாஸ்ட்ரேடியஸும் சர்வரின்ர பதிலில இருக்கிற எம்டி5-ஐத்தான் ஏமாத்தினது. அதாலதான் இப்ப மெசேஜ் ஆதென்டிகேட்டரைக் கட்டாயமாக்கச் சொல்லுகினம். ஊருக்கு வெளியில போற பாக்கெட் எண்டால் டிஎல்எஸ்ஸுக்குள்ள அனுப்புற ராட்செக்தான் நல்லது.

#17 பவானிக்கரை – அடுத்த வியாழன் இரவு 9:30

எம்.டி. ரெண்டு நாள் யோசிச்சார். போட்டியாளருக்கும் போயிடுமேன்னு கேட்டார். அதே கேட்வே அவங்களும் வெச்சிருக்காங்க, நாளைக்கு அவங்க எழுதறது நமக்கும் வரும்னு சொன்னேன். மெயில்ல சம்மதம் வந்துச்சு.

செவ்வாய் ராத்திரி அனுப்பினேன். அனுப்புற பட்டன்ல கையை வெச்சுட்டு பத்து நிமிஷம் இருந்தேன். புதன் பதில் வந்துச்சு. 41-ஐ இன்டிஜர்னு போட்டிருக்கேன், கையேட்டுல அப்படித்தான் இருக்கான்னு ஒரே கேள்வி. கையேட்டு வரியையும் டீபக்ல வந்த நாலு பைட்டையும் காட்டினேன். இன்னைக்குச் சாயங்காலம் சேர்த்துட்டாங்க.

ஞாயித்துக்கிழமை கிரான்ல இருந்த ரீஸ்டார்ட் வரியை எடுத்துட்டேன். அஞ்சு நாளா மெமரி ஒரே அளவுல நிக்குது. சோர்ஸ் டைரக்டரியில கிட் டிஃப் அடிச்சுப் பார்த்தேன், ஒண்ணும் வரலை. நாலு வருஷத்துல முதல் தடவையா எங்க சர்வர்ல ஓடுற கோடும் அவங்க வெளியிடற கோடும் ஒண்ணு.

முதல்கமிட், 42-க்கு ஒரு யூனிட் டெஸ்ட் இன்னும் எழுதலை. டீபக்ல வந்த பைட்டை நாளைக்கு இங்க போடறேன். நீங்க எழுதறீங்களா?

#18 முதல்கமிட் – வியாழன் இரவு 9:34

எழுதுகிறேன் அண்ணா. பைட்டைப் போடுங்கள்.